என்.பி.ஏ. ஆட்டங்களில் வீரர்களை மாற்றும் முறையும் அணியின் வெற்றியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கூடைப்பந்துப் பயிற்சியாளர் கையில் இருக்கும் பெரிய ஆயுதங்கள் இரண்டு: டைம்-அவுட் (குறுகிய இடைநிறுத்தம்) கேட்பது, ஆளை மாற்றுவது. டைம்-அவுட்டுக்குக் கணக்கு உண்டு. ஆளை மாற்றுவதற்குக் கிடையாது. அதனாலேயே யாரை எப்போது இறக்குகிறார், யாரை யாருடன் சேர்த்து ஆட வைக்கிறார் என்பதைப் பார்த்தால் ஒரு பயிற்சியாளரின் சிந்தனை தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் போட்டிகளை வைத்து, இது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை ஆளை மாற்றலாம்?

எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கால்பந்தில் வெளியேறியவர் மீண்டும் இறங்க முடியாது என்பதைப் போன்ற தடை இங்கே இல்லை. உள்ளே வரவேண்டியவர் ஸ்கோரர் மேசை அருகே வந்து காத்திருப்பார். ஃபவுல் (விதிமீறல்), டைம்-அவுட், பந்து எல்லையைத் தாண்டுவது என ஏதேனும் ஒரு காரணத்தால் ஆட்டம் நிற்கும்போது நடுவர் கையசைத்து அவரை அழைப்பார். ஆறு ஃபவுல் செய்தவரும் நடுவரால் வெளியேற்றப்பட்டவரும் மட்டும் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

ஓர் அணியின் நேரம் பொதுவாக எப்படிப் பங்கிடப்படுகிறது?

ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு குவார்ட்டர்களாக, மொத்தம் 48 நிமிடம் நடக்கிறது. களத்தில் ஐந்து பேர் என்பதால் ஓர் அணி பங்கிட வேண்டியது 240 நிமிடங்கள். லீக் ஆட்டங்களில் பெரும்பாலான அணிகள் இதை ஒன்பது அல்லது பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

முதல் குவார்ட்டரில் பாதி கடந்ததும் முதல் மாற்றம் வரும். ஒவ்வொரு குவார்ட்டரிலும் கடிகாரம் 7 நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பிறகு ஒன்றும், 3 நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பிறகு ஒன்றுமாக இரண்டு கட்டாய டைம்-அவுட்டுகள் உள்ளதால், மாற்றங்களும் அவற்றை ஒட்டியே குவிகின்றன. இரண்டாம் குவார்ட்டரின் தொடக்கத்தில் மாற்று வீரர்கள் அதிகம் இருப்பார்கள். பாதியில் முதன்மை வீரர்கள் திரும்புவார்கள். இடைவேளைக்குப் பின் ஏறக்குறைய இதே சுற்று இன்னொரு முறை நடக்கும். ஆளுக்கு ஏற்ப இதில் வேறுபாடுகளும் உண்டு. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் ஸ்டீஃபன் கரி பல ஆண்டுகள் முதல் குவார்ட்டர் முழுவதையும் ஆடிவிட்டு, இரண்டாவதின் தொடக்கத்தில் உட்காருவதையே வழக்கமாக வைத்திருந்தார்; ஆட்டத்தில் சூடு ஏறியபின் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஆடுவது அவருக்குப் பொருந்தியது.

இந்த ஒழுங்கு வீரர்களுக்கே மிகவும் தேவைப்படுகிறது. ஆறு நிமிடம் கழித்துத் தன்னை அழைப்பார்கள் என்று தெரிந்த மாற்று வீரர், எதிரணியின் நகர்வுகளைக் கவனித்தபடி உடலையும் மனத்தையும் தயாராக வைத்திருப்பார். என்றைக்கு அழைப்பார்கள் என்றே தெரியாதவர் இறங்கிய உடனேயே தன்னை நிரூபிக்க நினைத்து அவசரமான ஷாட்டுகளை எடுப்பார். ஒரு மாற்று வீரர் திடீரென்று சரியாக ஆடாமல் போனால், அவருடைய திறமையைச் சந்தேகிப்பதற்கு முன் அவருக்குக் கிடைக்கும் நேரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதே நியாயம்.

ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரா, முடிக்கும் ஐவரா, யார் முக்கியம்?

முடிக்கும் ஐவர். பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் 1950-களிலும் 60-களிலும் தன் சிறந்த வீரர்களில் ஒருவரை வேண்டுமென்றே பெஞ்சில் வைத்திருந்து, எதிரணியின் தொடக்க வேகம் தணியும் நேரத்தில் இறக்கினார். முதலில் ஃபிராங்க் ராம்சேயும் பிறகு ஜான் ஹேவ்லிசெக்கும் அந்த இடத்தில் ஆடினார்கள். ‘ஆறாவது வீரர்’ என்ற பொறுப்பு அப்படித்தான் மதிப்புப் பெற்றது. 1982–83 சீசனிலிருந்து அதற்குத் தனி விருதே தரப்படுகிறது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மனு ஜினோபிலி வேறு எந்த அணியிலும் தொடக்க வீரராக இருந்திருக்கக்கூடியவர். ஆனால் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து ஆடி, 2008-இல் அந்த விருதைப் பெற்றார்.

இரண்டு நட்சத்திர வீரர்களை ஒரே நேரத்தில் உட்கார வைக்காமல் மாறி மாறி ஓய்வு கொடுப்பது ஏன்?

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். இருவரும் ஆளுக்கு 36 நிமிடம் ஆடுகிறார்கள். ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே வெளியேறினால், 36 நிமிடம் இருவரும் களத்தில் இருப்பார்கள். மீதி 12 நிமிடம் இருவருமே இருக்க மாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் பல அணிகள் முன்னிலையைப் பறிகொடுக்கின்றன. அதே 36 நிமிடங்களை மாற்றி அடுக்கினால், 24 நிமிடம் இருவரும் சேர்ந்தும் 12 நிமிடம் ஒருவர் மட்டும், மற்றொரு 12 நிமிடம் அடுத்தவர் மட்டும் ஆடுவார்கள். களம் ஒருபோதும் வெறுமையாகாது. இன்னொரு நன்மை, தனியாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொருவரும் பந்தைத் தன் விருப்பப்படி கையாள முடியும்.

2017–18 சீசனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பயிற்சியாளர் மைக் டி’ஆன்டோனி, ஜேம்ஸ் ஹார்டன் அல்லது கிறிஸ் பால் யாரேனும் ஒருவர் எப்போதும் களத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அணி 65 ஆட்டங்களில் வென்று லீக்கிலேயே முதலிடம் பிடித்தது. மேற்குப் பிரிவின் இறுதித் தொடரில் வாரியர்ஸுக்கு எதிராக 3–2 என முன்னிலை பெற்ற ஐந்தாம் ஆட்டத்தின் முடிவில் பாலின் தொடைத்தசை காயமடைந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் இல்லை. ராக்கெட்ஸ் இரண்டிலும் தோற்றது. இரண்டு பேரை நம்பி அடுக்கிய முறை, அவர்களில் ஒருவர் விழுந்தால் மற்றவர் மீதே முழுச் சுமையையும் ஏற்றிவிடுகிறது.

டென்வர் நகட்ஸின் சிக்கல் வேறு வகையானது. நிகோலா யோகிச் உட்கார்ந்ததும் அந்த அணியின் தாக்குதல் ஒவ்வோர் ஆண்டும் தளர்ந்து போகும். அவரைப் போல ஆடக்கூடிய இன்னொரு சென்டர் (கூடையடியில் ஆடும் உயரமான வீரர்) உலகில் இல்லை. 2023 பிளே-ஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் தொடர்களில்) பயிற்சியாளர் மைக்கேல் மலோன், அந்தக் குறுகிய நேரத்தில் ஆரன் கார்டனைச் சென்டர் இடத்தில் நிறுத்தி வேறு பாணியில் ஆட வைத்தார். யோகிச் இல்லாத நேரத்தில் யோகிச் பாணியிலேயே ஆட முயலக் கூடாது என்பதைப் புரிந்துகொண்ட நல்ல முடிவு அது. அந்த ஆண்டு டென்வர் கோப்பையை வென்றது.

பின்தங்கியிருக்கும்போது மாற்று வீரர்களை இறக்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகுமா?

அப்படிச் சொல்ல முடியாது. 1992 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சிகாகோ புல்ஸ் அணி மூன்று குவார்ட்டர் முடிவில் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸிடம் 64–79 எனப் பின்தங்கி இருந்தது. நான்காம் குவார்ட்டரைப் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் மைக்கேல் ஜோர்டானை உட்கார வைத்துவிட்டு, ஸ்காட்டி பிப்பனுடன் நான்கு மாற்று வீரர்களை இறக்கித் தொடங்கினார். அதிகம் பேசப்படாத பாபி ஹான்சன் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட் ஒன்றைப் போட்டார், தடுப்பாட்டம் இறுகியது, சில நிமிடங்களில் இடைவெளி எட்டிப் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஜோர்டான் திரும்பி வந்தபோது அவருக்கு ஓய்வும் கிடைத்திருந்தது, அரங்கமும் உயிர் பெற்றிருந்தது. புல்ஸ் 97–93 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. எதிரணி தயார் செய்து வைத்திருந்த திட்டம் ஜோர்டானுக்கும் முதன்மை வீரர்களுக்கும் உரியது. புதிய கால்களோடு வந்த நான்கு பேருக்கு எதிராக அது பயன்படவில்லை.

நிமிடங்களைப் பலருக்கும் பகிர்ந்தால் வெற்றி உறுதியா?

உறுதியில்லை. ஆனால் அதைச் சரியாகச் செய்த ஓர் அணியின் வரலாறு மிக அழகானது. 2013–14 சீசனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 30 நிமிடம் ஆடியவர் ஒருவர்கூட இல்லை. என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. (1961–62 சீசனில் வில்ட் சேம்பர்லெயின் கூடுதல் நேரங்களையும் சேர்த்துச் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார் என்பதோடு இதை ஒப்பிட்டால் காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரியும்.) அதே ஸ்பர்ஸ் 62 ஆட்டங்களில் வென்று லீக்கில் முதலிடம் பெற்றது, இறுதித் தொடரில் மயாமி ஹீட்டை 4–1 என வீழ்த்தியது. டிம் டங்கனுக்கு அப்போது வயது 38.

பயிற்சியாளர் கிரெக் பாப்பொவிச் மாற்று வீரர்களுக்கு நிமிடங்களைத் தந்ததோடு நிற்கவில்லை. முதல் ஐவர் ஆடும் அதே பாணியில், அதே வேகத்தில் பந்தைக் கைமாற்றும் பழக்கத்தையும் அவர்களுக்கு ஊட்டினார். யார் இறங்கினாலும் ஆட்டத்தின் இயல்பு மாறவில்லை. நவம்பரில் முக்கியமற்ற ஓர் ஆட்டத்தில் பாட்டி மில்ஸுக்கோ போரிஸ் டியாவுக்கோ கிடைத்த பத்து நிமிடம் ஜூனில் பலன் தந்தது. என் உறுதியான கருத்து இதுதான்: லீக் ஆட்டங்களில் ஆளை மாற்றுவதன் முதன்மைப் பயன் அன்றைய வெற்றியன்று, பிளே-ஆஃபில் நம்பி இறக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதே.

மாறான சான்றும் உண்டு. 2017–18-இல் டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் மாற்று ஐவர், குறிப்பாக ஃபிரெட் வேன்விலீட், பாஸ்கல் சியாகம், யாகொப் பொல்டில் ஆகியோர், மற்ற அணிகளின் மாற்று வீரர்களைத் திணறடித்தார்கள். அணி 59 ஆட்டங்களில் வென்றது. ஆனால் பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் 0–4 எனத் தோற்றது. பயிற்சியாளர் டுவேன் கேசி பதவி இழந்தார். சில வாரங்களுக்குப் பின் அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கே கிடைத்தது. மாற்று வீரர்களை வெல்ல உதவும் பலம், எதிரணி மாற்று வீரர்களை இறக்காதபோது பயனற்றுப் போய்விடுகிறது.

பிளே-ஆஃபில் பயிற்சியாளர்கள் ஏன் ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாள்கள் இருப்பதால் முதன்மை வீரர்கள் 40 நிமிடம் வரை ஆட முடிகிறது. அதைவிட முக்கியமான காரணம், ஒரே எதிரணியை ஏழு ஆட்டங்கள் வரை சந்திக்க நேர்வது. தடுப்பில் மெதுவாக நகரும் ஒருவரை, அல்லது தூரத்திலிருந்து எறியத் தெரியாத ஒருவரைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் அவரையே குறிவைப்பார்கள். லீக் ஆட்டத்தில் மறைந்திருந்த குறை இங்கே இரண்டாம் ஆட்டத்திலேயே வெளியாகிவிடும். அவருக்குப் பெஞ்ச்தான் இடம்.

ஆனாலும் 2025 பிளே-ஆஃப் இந்த நம்பிக்கையைச் சற்று அசைத்தது. டாம் திபடோவின் நியூயார்க் நிக்ஸ் அணி முதல் ஐவரையே பெரிதும் சார்ந்திருந்தது. அந்தச் சீசனில் ஜோஷ் ஹார்ட்டும் மிக்கல் பிரிட்ஜஸும் லீக்கிலேயே அதிக நேரம் ஆடியவர்களில் முன்னணியில் இருந்தார்கள். ரிக் கார்லைலின் இண்டியானா பேசர்ஸ் பத்துப் பேரைச் சுழற்றி, முழு ஆட்டமும் வேகமாக ஓடியது. கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் பேசர்ஸ் 4–2 என வென்றது. அடுத்து ஒக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிரான இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் பேசர்ஸின் மாற்று வீரர்கள் மட்டும் 49 புள்ளிகள் எடுத்தார்கள். தண்டரின் மாற்று வீரர்கள் எடுத்தது 18. பெனடிக்ட் மாத்துரின் பெஞ்சிலிருந்து வந்து 27 புள்ளிகள் குவித்தார். டி.ஜே. மெக்கானல், பேசர்ஸ் புள்ளி எடுத்தபின் எதிரணி அலட்சியமாகப் பந்தை உள்ளே எறியும் கணத்தில் பாய்ந்து பறித்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் ஐந்து முறை பந்தைப் பறித்திருந்தார். களைத்த கால்களுக்கு எதிராகப் புதிய கால்கள் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சியைக் காண்பது அரிது. ஏழாம் ஆட்டத்தில் தண்டர் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டாலும், அந்த அணியும் ஆழமான பெஞ்சைக் கொண்டதுதான்.

தொடரின் நடுவில் தொடக்க ஐவரில் ஒருவரை மாற்றுவது பலன் தருமா?

பல கோப்பைகள் அப்படித்தான் கைமாறியுள்ளன. 2011 இறுதித் தொடரில் 1–2 எனப் பின்தங்கிய டல்லாஸ் மாவெரிக்ஸ், நான்காம் ஆட்டத்தில் டிஷான் ஸ்டீவன்சனுக்குப் பதில் உயரம் குறைந்த ஹோசே ஹுவான் பரேயாவைத் தொடக்கத்தில் இறக்கி, தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் வென்றது. 2014-இல் ஸ்பர்ஸ் மூன்றாம் ஆட்டத்தில் டியாகோ ஸ்பிளிட்டருக்குப் பதில் டியாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தது. அதன் பிறகு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

கிளீவ்லாந்துக்கு எதிரான 2015 இறுதித் தொடரில் நடந்த மாற்றம் இவற்றில் மிகத் துணிச்சலானது. வாரியர்ஸ் 1–2 எனப் பின்தங்கியிருந்தபோது, நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் ஒரு யோசனை சொன்னார்: உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து, ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஏற்றுக்கொண்டார். கிளீவ்லாந்தில் நடந்த நான்காம் ஆட்டம் 0–7 என்ற பின்னடைவோடு தொடங்கியது. பதறி மாற்றத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் அந்தத் தொடரே வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும். கெர் பொறுத்திருந்தார், வாரியர்ஸ் 103–82 என வென்றது, அடுத்த இரண்டையும் வென்றது. அந்தச் சீசனின் லீக் ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தொடக்க ஐவரில் இடம்பெறாத இகுடாலா, இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

மாற்றம் தவறாகவும் முடியலாம். 2025 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் தண்டர் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட், பேசர்ஸின் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனுக்குப் பதில் கேசன் வாலஸைத் தொடக்கத்தில் இறக்கினார். மூன்று ஆட்டங்கள் முடிவில் 1–2 எனப் பின்தங்கியதும், நான்காம் ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைனை மீண்டும் கொண்டுவந்தார். தன் முடிவைத் தொடரின் நடுவில் திருத்திக்கொள்ளும் மனம் இருந்ததும் அந்தக் கோப்பைக்கு ஒரு காரணம்.

கடைசி நிமிடத்தில் தடுப்புக்கு ஒருவர், தாக்குதலுக்கு ஒருவர் என மாற்றுவது சரியா?

பெரும்பாலும் சரி. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பலத்தைப் பெற்று இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது. 2013 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் வென்றிருந்தால் ஸ்பர்ஸுக்குக் கோப்பை கிடைத்திருக்கும். 95–92 என முன்னிலை; கடைசி சில நொடிகள். மயாமி மூன்று புள்ளி ஷாட்டைத்தான் தேடும் என்பதால், மூன்று புள்ளிக் கோட்டருகே, தடுக்கவேண்டிய எதிராளியைத் தங்களுக்குள் வேகமாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஐவரை நிறுத்தி, டங்கனைப் பாப்பொவிச் வெளியே அழைத்தார். லெப்ரான் எறிந்தது தவறியது. திட்டம் அதுவரை பலித்தது. ஆனால் கூடையடியில் டங்கன் இல்லை. தவறித் திரும்பிய பந்தை (ரீபவுண்டை) எடுத்தவர் மயாமியின் கிறிஸ் போஷ். அவர் மூலைக்குப் பந்தை அனுப்ப, பின்னோக்கி நகர்ந்து கோட்டைத் தாண்டி நின்ற ரே ஆலன் 5.2 நொடி மீதமிருக்கையில் சமன் செய்தார். மயாமி கூடுதல் நேரத்தில் 103–100 என வென்று, ஏழாம் ஆட்டத்தையும் கைப்பற்றியது.

அந்த முடிவைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அதே நிலையில் அதே மாற்றத்தைப் பல பயிற்சியாளர்கள் செய்வார்கள். முதல் ஷாட் தவறிய பிறகும் அந்தத் தடுப்பு முடிவதில்லை என்பதும், ரீபவுண்டைக் கைப்பற்றும் வரை அது நீடிக்கிறது என்பதும் அந்த ஓர் இரவில் உலகறியத் தெரிந்தது.

விரைவில் இரண்டு ஃபவுல் செய்த வீரரை உடனே வெளியே எடுக்க வேண்டுமா?

பழைய வழக்கம் அப்படி: எந்தக் குவார்ட்டர் நடக்கிறதோ அதைவிட ஒன்று கூடுதலாக ஃபவுல் இருந்தால் உட்கார வைப்பார்கள். முதல் குவார்ட்டரில் இரண்டு, இரண்டாவதில் மூன்று என்பது கணக்கு. அவர் ஆறு ஃபவுலோடு வெளியேறினால் கடைசி நேரத்தில் ஆள் இருக்காது என்ற அச்சம் நியாயமானது. அதேசமயம், அந்த அச்சத்தால் இருபது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, அவர் நான்கு ஃபவுலோடு ஆட்டத்தை முடித்தால், பயிற்சியாளரே தன் வீரரை வெளியேற்றியதாகத்தான் ஆகும். கவனமாகத் தடுக்கத் தெரிந்த அனுபவசாலியை ஆட விடலாம். ஆத்திரப்பட்டுக் கை நீட்டும் இளையவரை உட்கார வைப்பதே நல்லது.

ஃபவுலுக்காகவே ஆளை இறக்கியதும் நடந்துள்ளது. 1997 டிசம்பரில் டல்லாஸ் பயிற்சியாளர் டான் நெல்சன், ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலில்) பலவீனமானவர் என அறியப்பட்ட சிகாகோவின் டென்னிஸ் ரோட்மனை வேண்டுமென்றே ஃபவுல் செய்ய பப்பா வெல்ஸை அனுப்பினார். வெல்ஸ் மூன்று நிமிடத்துக்குள் ஆறு ஃபவுல் செய்து வெளியேறினார். ரோட்மன் 12-இல் 9-ஐப் போட்டார், சிகாகோ வென்றது.

பிளஸ்-மைனஸ் எண்களை வைத்து எந்த ஐவர் சிறந்தவர்கள் என்று முடிவு செய்யலாமா?

எச்சரிக்கையோடு செய்யலாம். ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி கூடுதலாக அல்லது குறைவாக எடுத்தது என்பதே பிளஸ்-மைனஸ். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. சுமாரான வீரர் ஒருவர் எப்போதும் கரியோடு சேர்ந்தே ஆடினால் அவருடைய எண்ணும் உயர்ந்துவிடும். இதைச் சரிக்கட்ட, உடன் ஆடுபவர்களையும் எதிர்த்து ஆடுபவர்களையும் கணக்கில் சேர்க்கும் திருத்தப்பட்ட பிளஸ்-மைனஸ் முறைகள் உருவாயின. வெய்ன் வின்ஸ்டன், ஜெஃப் சகாரின் இருவரும் 2000-களில் டல்லாஸ் அணிக்காக இத்தகைய கணக்கைச் செய்து கொடுத்தார்கள்.

மற்றொன்று, போதிய அளவு நேரம் கிடைக்காமை. பத்து வீரர்களிலிருந்து 252 வெவ்வேறு ஐவர்களை அமைக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஐவர் சீசன் முழுவதிலும் 200 நிமிடம் சேர்ந்து ஆடியிருந்தால், அது நான்கு ஆட்டங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் எதிரணியின் மூன்று புள்ளி ஷாட்டுகள் சில விழுந்தனவா தவறினவா என்பதே எண்ணை மேலும் கீழும் இழுத்துவிடும். இருவர் அல்லது மூவர் சேர்க்கைக்கான எண்கள் அதிக நேரத்தை உள்ளடக்குவதால் அவற்றைக் கூடுதலாக நம்பலாம்.

ஆட்டம் முழுவதற்கும் ஓய்வு கொடுப்பது பற்றி?

2012 நவம்பர் 29 அன்று மயாமியில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு முன், பாப்பொவிச் டங்கன், டோனி பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் வீட்டுக்கு அனுப்பினார். லீக் ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. 2018–19-இல் டொராண்டோ, கவாய் லெனார்டை 82 லீக் ஆட்டங்களில் 60-இல் மட்டுமே ஆட வைத்தது. பிளே-ஆஃபில் சராசரியாக 39 நிமிடம் ஆடிய அவர் அணிக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தார். டிக்கெட் வாங்கி வரும் ரசிகர்களின் ஏமாற்றத்தையும் லீக் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023–24 முதல் முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. விருதுக்காகக் காயத்தோடு ஆடும் நெருக்கடி இதனால் உருவாகிறது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்து நியாயத்தையும் ஏற்க வேண்டியிருந்தாலும், என் மனம் வீரரின் உடல்நலத்தின் பக்கமே சாய்கிறது.

சர்வதேசப் போட்டிகளிலும் இதே முறைதானா?

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். ஐந்து ஃபவுலில் வெளியேற்றம். நேரம் குறைவு என்பதால் ஒவ்வொரு தவறான மாற்றத்துக்கும் விலை அதிகம். நட்சத்திர வீரர் 30 நிமிடம் ஆடினாலே ஆட்டத்தின் முக்கால் பங்கு ஆகிவிடுகிறது.

ஆட்டம் பார்ப்பவர் எந்த இடத்தைக் கூர்ந்து கவனிக்கலாம்?

இரண்டாம் குவார்ட்டரின் முதல் நான்கு நிமிடத்தையும், நான்காம் குவார்ட்டரின் முதல் நான்கு நிமிடத்தையும். அப்போது களத்தில் முதன்மை வீரர்களில் யார் இருக்கிறார், அவரைச் சுற்றி எறியத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், எதிரணியும் தன் மாற்று வீரர்களை இறக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோரர் மேசையருகே யார் எழுந்து வந்து உட்காருகிறார் என்பதையும் ஒரு கண்ணால் கவனித்தால், எதிரணிப் பயிற்சியாளர் அடுத்த ஓரிரு நிமிடத்தில் என்ன பதில் தருவார் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியும்.